காத்துக்குப் பத்து கூட

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. எங்க வீட்டுக்காரரு இப்பத்தான் குளிக்கப் போனாரு, வர அரை மணி நேரமாவது ஆகும். பெங்களூர்லருந்து விடியக்காலையில கெளம்பி வந்திருக்கீங்க. வெறும் வயித்தோட போய் அந்த வண்டியைப் பாக்க வேண்டாம். இட்லி வெந்துட்டிருக்குது.

வண்டின்னுதான் தம்பி நாங்க சொல்றது. ஏரோப்பிளேன்னு சொன்னா பீத்திக்கற மாதிரி இருக்குதுங்க.

உங்களுக்கு முன்னால மூணு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தரும் திரும்பி வரல. நாந்தான் எதையோ சொல்லி வெரட்டிட்டேன்னு எம்மக போன்ல சொல்றா. நான் என்னத்தைங்க சொல்லப் போறேன்? இருக்கறதைச் சொன்னேன். ஒருத்தரு இறக்கையை விரலால அமுக்கிப் பாத்தாரு. அமுக்காதீங்க, துணின்னு சொன்னேன். துணியான்னு கேட்டாரு. ஆமாங்க, உள்ள மரச்சட்டம், மேல துணி, அது மேல நகப்பாலீஷ் வாசத்துல ஒரு மருந்துப் பூச்சு, அவ்வளவுதான்னேன். இஞ்சின் நின்னுபோனா என்ன ஆகும்னு கேட்டாரு. சத்தம் நின்னுரும்னு சொன்னேன். அவரு கேட்டதுக்குத்தானே தம்பி பதில் சொன்னேன்?

இது எப்படி இங்க வந்துதுன்னு கேப்பீங்க. இவருக்குக் கோயமுத்தூர் கணபதியில பம்புசெட் கம்பெனி. எங்கயோ வடக்க ஒரு ஃபிளையிங் கிளப்பை மூடிட்டாங்க, சாமானெல்லாம் ஏலத்துல போகுதுன்னு பேப்பர்ல பாத்துட்டு, ஒரு லேத்து மிஷின் வாங்கப் போனாரு. நாலாம் நாள் லாரியோட வந்தாரு. லாரி மேல இது. இறக்கையைக் கழட்டிப் பக்கத்துல படுக்க வெச்சிருந்தாங்க. லேத்து எங்கீங்கன்னு கேட்டேன். லேத்து வெலை கட்டுப்படியாகலைன்னாரு.

வண்டி வந்து ரெண்டு வருசம் கழிச்சுத்தான் லைசென்சு வந்துது. அவருக்கு அப்ப நாப்பத்தேழு வயசு. சுத்தற எந்தச் சாமானும் எனக்குக் கட்டுப்படும்னு சொல்லுவாரு. பம்புல அது வாஸ்தவம். லைசென்சுக்கு வேற ஊர் கிளப்புக்குப் போய்ப் பழகுனாரு. ஆனா இந்த வண்டியோட குணத்தைச் சொல்லிக் குடுத்தது மாசிலாமணி சார்தான். ஏர்ஃபோர்சுல இஞ்சின் பாத்து ரிட்டயர் ஆனவரு, பல்லடத்துல வீடு. வாரம் ஒரு தடவை ஸ்கூட்டர்ல வந்து இதைப் பிரிச்சு மாட்டுவாரு. பேசவே மாட்டாரு. டீ குடுத்தா மட்டும் பேசுவாரு. அதனால நான் அடிக்கடி டீ போட்டேன்.

பரீட்சைக்குப் படிக்கணுமில்லீங்களா? புஸ்தகத்தைத் தொறந்தா இவருக்குத் தூக்கம் வந்துரும். நான் பி.யு.சி. வரைக்கும் இங்கிலீஷ்ல படிச்சவ. நான் வாசிப்பேன், இவரு சாய்வு நாற்காலியில கண்ணை மூடிக் கேப்பாரு. காத்து, மேகம், இறக்கை, எத்தனை வேகத்துல மேல ஏறணும், எத்தனை வேகத்துல எறங்கணும், எல்லாத்தையும் மூணு மூணு தடவை வாசிச்சிருக்கேன். ரெண்டு தடவை ஃபெயிலாகி மூணாவதுல பாஸாயிட்டாரு. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. காதுல விழுந்ததுதான்.

இத்தனை வருசத்துல செலவு என்ன ஆச்சுன்னு நான் கணக்குப் பாக்கல தம்பி, பாத்தா மனசு கெட்டுப் போகும். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இதுக்கு பங்க்ல போடற பெட்ரோல் ஆகாது. நீலக் கலர்ல ஒரு பெட்ரோல், பேரல் பேரலா மெட்ராஸ்லருந்து வரணும். ஒரு மணி நேரம் பறந்தா அரைப் பவுன் போச்சுன்னு வெச்சுக்கங்க, அன்னைக்கு வெலைக்கு. அரைப் பவுனைப் பொகையா விட்டுட்டு எங்க போவோம்னா, பொள்ளாச்சிப் பக்கம் இவரு தாய்மாமன் தோப்புக்கு. அங்க ஒரு பக்கமா நீளமா ஒரு மேய்ச்சல் காடு இருக்குது, அதுல எறங்கிக்கலாம். எறங்கி ஆளுக்கொரு எளநி குடிப்போம். திரும்பி வருவோம். இங்க வாசல்லயே எங்களுக்கு நாப்பது தென்னை நிக்குது.

போவோம்னு சொன்னேன். நானுந்தான் போவேன். போகணும்னு ஆசைப்பட்டுப் போகலீங்க. வேற ஆளு கெடைக்கல. மொதல்ல இவரு தம்பியைக் கூட்டிட்டுப் போனாரு, அவன் எறங்குனதும் தரையைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனவன், ஆறு மாசம் வீட்டுப் பக்கம் வரல. அப்பறம் கம்பெனி மேனேஜரைக் கூட்டிட்டுப் போனாரு. அவரு மேல ஒண்ணும் சொல்லல, கீழ வந்து ராஜினாமா எழுதிக் குடுத்தாரு. மேப்பு புடிக்க ஒரு ஆளு வேணுமேன்னு நான் ஏறுனேன்.

என்ன இருக்குதுங்க மேல? ஒண்ணுமில்ல. காலையில ஆறரை மணிக்குப் போனா வெயில் சாய்வா விழும், அமராவதி ஆறு மட்டும் ஒரு வளைஞ்ச கோடாத் தெரியும், தண்ணியே இருக்காது ஆனாலும் மினுக்கும். கெணறெல்லாம் கண்ணு முழிச்சு மேல பாக்கற மாதிரி இருக்கும். நம்ம வண்டியோட நெழலு நமக்கு முன்னால காட்டு மேல ஓடிட்டே இருக்கும். வேலி வந்தா தாண்டும், வீடு வந்தா கூரை மேல ஏறி எறங்கும். அதையே பாத்துட்டிருந்தா பொள்ளாச்சி வந்துரும். ஒரு தடவை கொக்குக் கூட்டம் ஒண்ணு நமக்குச் சமமாப் பக்கத்துல வந்துது. ஒரு நிமிசம் இருக்கும். கழுத்தைத் திருப்பிக்கூடப் பாக்கல அதுங்க. அவ்வளவுதாங்க. பெருசா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

இதுல ரெண்டு சீட்டு, ரெண்டுக்கு முன்னாலயும் வண்டியைத் திருப்பறதுக்கு ஒரே மாதிரி கம்பி. அவரு இடது பக்கம், நான் வலது பக்கம். இந்தா கோகிலா, செத்த புடின்னு குடுத்துட்டு மேப்பைப் பாப்பாரு, இல்ல காட்டுல யாரு வரப்பை வெட்டியிருக்காங்கன்னு எட்டிப் பாப்பாரு. மூணு வருசம் அப்படித்தான் புடிச்சேன். புடிக்கறதுன்னா ஓட்டறதில்லீங்க. நேரா வெச்சிருக்கறது. திருப்பச் சொன்னா திருப்பறது. அப்பறம் எறங்கறதுக்கு ஓடுபாதைக்கு நேராக் கொண்டாந்து வெக்கச் சொல்லுவாரு, வெப்பேன். பொறகு அவரு வாங்கிக்குவாரு.

நான் சொல்ல வந்தது வேற. இந்த ஊருக் காத்தை நீங்க தெரிஞ்சுக்கணும். பெங்களூர்ல அப்படி இருக்காது. வைகாசி தாண்டிட்டா பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்கருந்து காத்து வந்துரும். எட்டரை ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் ஒரே புடியா அடிக்கும். வர்ற வழியில காத்தாலைகளைப் பாத்திருப்பீங்களே, எல்லாம் அதுக்கு நட்டதுதான். நம்ம ஓடுபாதை, இப்ப மூடிக் கெடக்கற மில்லுக்காரங்க அந்தக் காலத்துல போட்டது, தெக்கு வடக்கா இருக்குது. காத்து பக்கவாட்டுல அடிக்கும். ஆனி ஆடியில ஒம்பது மணிக்குள்ள வண்டி கொட்டாய்க்குள்ள இருக்கணும்னு மாசிலாமணி சார் சொவத்துலயே சாக்பீஸ்ல எழுதி வெச்சிருந்தாரு.

பதினோரு வருசத்துக்கு முந்தி, எம்மக தேன்மொழிக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிருந்துது. தாய்மாமனுக்கு மொதல் பத்திரிகை. அதை ஏரோப்பிளேன்ல போய்த்தான் வெப்பேன்னு இவரு. எம்மக வேண்டான்னா. போறதுன்னா யாராவது ஒருத்தரு போங்க, ரெண்டு பேரும் ஒண்ணாப் போகாதீங்கன்னு அழுதுட்டா. பத்திரிகைத் தட்டை ஒத்தையா எப்படிம்மா வெக்கறதுன்னு சொல்லிட்டு நானும் ஏறிட்டேன். ஆனி மாசக் கடைசி. அன்னைக்கு சஷ்டி, இவருக்கு விரதம். அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. இவரு அன்னைக்குப் பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் சாப்பிடல.

போறப்ப ஒண்ணுமில்ல, எண்ணெய் மேல போற மாதிரி போனோம். பத்திரிகை வெச்சாச்சு. ஏழே முக்காலுக்குக் கெளம்பிருக்கணும். மாமனுக்கு ஒரு போர்வெல் மோட்டாரு ஓடல. பாத்துட்டுப் போ மாப்பிள்ளைன்னாரு. பம்புன்னு சொன்னா இவருக்குக் காது அடைச்சுக்கும். நான் ரெண்டு தடவை மணியைச் சொன்னேன். மோட்டாரை ஓட வெச்சுட்டுக் கையைக் கழுவறப்ப மணி பத்து.

மேல ஏறுன ஒடனே தெரிஞ்சுதுங்க. மாட்டு வண்டி பாறை மேல போற மாதிரி எடுத்து எடுத்துப் போட்டுது. காத்தாலை அத்தனையும் ஒரே பக்கம் மூஞ்சியத் திருப்பிட்டுச் சுத்துது. நம்ம ஓடுபாதை வந்துது. அங்க ஒரு கம்பத்துல துணிக்குழாய் கட்டியிருக்கும், காத்து எப்படி இருக்குதுன்னு காட்டறதுக்கு. அது தொங்கவே இல்ல, கம்பி மாதிரி நேரா நீட்டிட்டு நின்னுது.

இவரு எறக்குனாரு. தரைக்கு ரெண்டாள் உசரம் இருக்கறப்ப ஒரு காத்து வந்து இடது இறக்கையைத் தூக்கிப் போட்டுது. வலது இறக்கை தரையில படப் போச்சு. இஞ்சினை முழுசா முடுக்கி மறுபடி மேல ஏத்திட்டாரு. நல்லாத்தான் ஏத்துனாரு. சுத்தி வந்து ரெண்டாவது தடவை எறக்குனாரு. மறுபடி அதே மாதிரி. இந்தத் தடவை சக்கரம் தரையில ஒரு அடி அடிச்சு வண்டி குதிச்சுது. மறுபடி மேல.

மூணாவது சுத்துல, ஓடுபாதைக்குப் பக்கவாட்டுல போயிட்டிருக்கோம், வண்டி மெதுவா ஒரு பக்கமாச் சாயுது. என்னடான்னு திரும்பிப் பாத்தேன். இவரு ரெண்டு கையையும் தொடை மேல வெச்சிட்டு உக்காந்திருக்காரு. சாமி கும்பிடறாருன்னு நெனச்சேன். ஏனுங்கன்னு கூப்புட்டேன். கையைத்தான் பாத்துட்டிருந்தாரு.

"கோகிலா, எனக்குக் கை வரமாட்டேங்குது."

அதான் நான் சொன்னேனில்லீங்க தம்பி, விரதம். மணி பத்தே முக்கா. வயித்துல ஒண்ணுமில்ல. அதுக்கு முன்னால மோட்டாரை வேற தூக்கி எறக்கியிருக்காரு. கையில எப்படிங்க தெம்பு இருக்கும்? மொகமெல்லாம் வேத்து சட்டை நனைஞ்சு போச்சு. வெறும் வயித்துக்கு அப்படித்தான் வேக்கும்.

சரி, நீங்க அந்தத் துணிக்குழாயைப் பாத்துச் சொல்லிட்டே வாங்கன்னேன். ஏதாவது ஒரு வேலை குடுத்தா ஆளு தெளிவாரு பாருங்க. கம்பியை நான் புடிச்சுக்கிட்டேன்.

எப்படி எறக்குனீங்கன்னு கேட்டீங்கன்னா, எறக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. புஸ்தகத்துல எறங்கறதுக்கு மணிக்கு அறுபது மைல் வேகம்னு போட்டிருக்குது. நாந்தானே வாசிச்சேன். ஆனா ஒரு நாளு டீ குடிக்கறப்ப மாசிலாமணி சார் சொன்னாரு, காத்து அடிக்கற நாள்ல அதுக்கு மேல பத்து சேத்து வெச்சுக்கங்க, அப்பத்தான் காத்து திடீர்னு வந்து போனாலும் வண்டி நம்ம கைக்குள்ள இருக்கும், இல்லீன்னா பொத்துனு போட்டுரும்னு. அப்ப இவரு போன்ல டீலர்கூடப் பேசிட்டிருந்தாரு. நான் டம்ளர் எடுக்கறதுக்காக நின்னுட்டிருந்தேன். அதனால வேகம் காட்டற முள்ளை எழுபதுல நிறுத்துனேன். காத்து வர்ற பக்கம், இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்திக்கிட்டேன். தாழ்த்துனா வண்டி அந்தப் பக்கமே இழுத்துட்டுப் போகும், அதுக்கு வலது காலை அமுக்கி மூக்கை நேரா வெச்சுக்கணும். ஒரு கை ஒரு பக்கம், ஒரு கால் எதிர்ப்பக்கம். தையல் மிஷின் ஓட்டறவங்களுக்குக் கஷ்டமில்ல.

இவரு பாவம், நீட்டிட்டிருக்குது, நீட்டிட்டிருக்குதுன்னு துணிக்குழாயையே பாத்துச் சொல்லிட்டு வந்தாரு. ஒரு தடவை காத்து நின்னுபோச்சு, குழாய் எறங்குதுன்னாரு. அது ஒரு மூச்சு விடற நேரம். அந்த நேரத்துல இடது சக்கரம் தரையில பட்டுது. அப்பறம் வலது. அப்பறம் வால் சக்கரம்.

வண்டி ஓடுதுங்க, நிக்கல. பிரேக்கு இடது சீட்டுல மட்டுந்தான், என் காலுக்குக் கெடையாது. மெதுவா அமுக்குங்கன்னேன். இவரு அமுக்குனாரு. ஓடுபாதை தீந்து சோளக்காட்டுக்குள்ள பத்தடி போய் நின்னுது. ஒரு டயரு கிழிஞ்சுது. வேற ஒண்ணுமில்ல. இஞ்சினை நிறுத்துனேன். சோளத் தட்டு காத்துல சரசரன்னு சத்தம் போட்டுது. அந்தச் சத்தத்தை ரெண்டு பேரும் கேட்டுட்டு உக்காந்திருந்தோம்.

அன்னைக்கு மாசிலாமணி சார் வர்ற நாளு, ஸ்கூட்டரைப் போட்டுட்டு ஓடியாந்தாரு. காத்து ஜாஸ்தி சார், நிறுத்திட்டேன்னு இவரு சொன்னாரு. அது பொய்யில்லீங்க. பிரேக்கு அவருதான் போட்டாரு. மாசிலாமணி சார் என்னைப் பாத்தாரு. கொட்டாய்க்குள்ள போய் தான் உக்கார்ற ஸ்டூலைக் கொண்டாந்து சோளக்காட்டுக்குள்ள போட்டு, உக்காருங்கம்மான்னாரு. அன்னைக்கு டீயும் அவரே போட்டாரு. சக்கரையே இல்ல.

கல்யாணத்துல சம்பந்தி வீட்டாளுங்க எல்லாருக்கும் இந்தக் கதையை இவரு சொன்னாரு. சூறைக்காத்துல எப்படி நிறுத்துனேன் தெரியுமான்னு. நான் பந்தியில பரிமாறிட்டிருந்தேன். அதுல எனக்கு வருத்தமில்லீங்க. யாரு எறக்குனா என்ன, வண்டி எறங்குச்சு. என் வருத்தம் வேற. எப்படிடி எறக்குனேன்னு ஒரு வார்த்தை என்கிட்டக் கேக்கல. ஒரு மாசம் கழிச்சுக் கேப்பாருன்னு இருந்தேன். ஒரு வருசம் ஆச்சு. ஒரு பம்பு சரியா ஓடிச்சுன்னாலே ஏன் ஓடிச்சுன்னு பிரிச்சுப் பாக்கறவரு.

அதுக்கப்பறம் இவரு வண்டியில ஏறல. முதுகுவலி. அந்தச் சக்கரம் தரையில அடிச்சுதில்ல, அதுலதான் புடிச்சிருக்கணும். கார் ஓட்டறப்ப வலிக்காது, லேத்துல நின்னா வலிக்காது, கொட்டாய் கேட்டுக்கிட்ட வந்தா புடிச்சுக்கும். எக்ஸ்ரே எடுத்தோம், ஒண்ணுமில்லைன்னாங்க. கேரளாவுல இருபத்தோரு நாள் எண்ணெய் வைத்தியம் பாத்தோம். இலவம்பஞ்சு மெத்தையை மாத்திக் கயித்துக் கட்டில் போட்டேன். என்ன பண்ணியும் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுருவாரு.

ஆனா வண்டியைச் சும்மா போட்டா இஞ்சின் துருப்புடிச்சுரும்னு மாசிலாமணி சார் சொல்லிட்டுத்தான் போய்ச் சேந்தாரு. அதனால வாரம் ஒரு நாளு காலையில நான் போய் ஸ்டார்ட் பண்ணுவேன். இதுக்குச் சாவி கெடையாது, முன்னால நின்னு காத்தாடியைக் கையால சுத்தி விடணும். அதுக்கு எங்க கார் டிரைவரைப் பழக்கி வெச்சிருக்கேன். ஸ்டார்ட் பண்ணி நின்ன எடத்துலயே வெச்சிருந்தா சூடாயிரும்னு, ஓடுபாதையில அந்தக் கடைசி வரைக்கும் ஓட்டிட்டு வருவேன். பறக்கறதில்ல தம்பி, எங்கிட்ட லைசென்சு கெடையாது. சில நாளு காத்து வாகா இருந்தா அதுவே தூக்கும். தூக்குனா எறங்கித்தானே ஆகணும்? பனைமரத்து உசரத்துக்கு மேல போனதில்ல. ஒரு ரெண்டு மூணு தடவை போயிருக்கலாம்.

விக்கலாம்னு இவருதான் சொன்னாரு. நமக்கும் வயசாகுது, உனக்கு ஏதாவது ஆயிருச்சுன்னான்னு. எனக்கு என்ன ஆகப் போகுதுன்னு கேட்டேன். மறுநாளு விளம்பரம் குடுத்துட்டாரு.

இன்னைக்குக் காலையில நீங்க வர்றீங்கன்னு கண்ணாடியைத் தொடச்சிட்டிருந்தேன். பின்னால யாரோ நிக்கற மாதிரி இருந்துது. இவரு. கேட்டுக்கு இந்தப் பக்கமில்ல, கொட்டாய்க்குள்ள. இறக்கையைத் தாங்கற கம்பியில கையை வெச்சிட்டு நிக்கறாரு. அங்கயே நின்னு கேட்டாரு.

"அன்னைக்கு எத்தனைல கொண்டாந்தே?"

எந்த அன்னைக்குன்னு நான் கேக்கல.

"எழுபதுங்க."

அவரு அந்தக் கம்பியையே பாத்துட்டிருந்தாரு. "நான் ரெண்டு தடவையும் அறுபதுலதான் வந்தேன்" அப்படின்னாரு.

புஸ்தகத்துல அறுபதுன்னுதானுங்க போட்டிருக்குதுன்னேன். உள்ளதுதானே தம்பி. அவரு மேல தப்பு ஒண்ணுமில்லையே.

ஈரத்துணியை என் கையிலருந்து வாங்கிட்டு அவரு பக்கத்துக் கண்ணாடியை அவரே தொடச்சாரு. தொடச்சு முடிச்சுட்டுச் சொன்னாரு. "வர்றவருகிட்ட வண்டியைப் பத்தி நீயே சொல்லிரு. எனக்கு அத்தனை தெரியாது." சொல்லிட்டு இப்பத்தான் குளிக்கப் போனாரு.

அதனாலதான் உங்களை உக்கார வெச்சு இத்தனையும் சொல்றேன். வெரட்டறதுக்கில்லீங்க. மறந்துருவீங்க, ஒரு தாள்ல எழுதிக்கங்க. எழுபது. காத்து இல்லாத நாள்ல அறுபது போதும். ஆனா இந்தப் பக்கம் காத்து இல்லாத நாளு கம்மிங்க.